சூதில் இழக்கும் பொருளும் மனமும்

சூதாட்டத்திலே தோற்றவன் பொருளை மட்டும் இழப்பதில்லை. நித்திரை, மானம், மனைவி மக்களின் நம்பிக்கை ஆகியனவும் அதனோடு சேர்ந்தே போகின்றன. இவ்வுண்மையை நம் முன்னோர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர்.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து 34ஆம் சூக்தம், சூதாடித் தோற்ற ஒருவனின் புலம்பலாகும். அக்காலத்தில் தான்றிக் காய்களே சூதுக்காய்களாக இருந்தன. தோற்றவனை மாமியார் வெறுக்கிறாள், மனைவி விலக்குகிறாள், பெற்றோரும் சகோதரரும் அவனைத் தெரியாதென்று கைவிடுகின்றனர். இனி ஆடுவதில்லை என அவன் உறுதி கொள்கிறான். ஆனால் காய்கள் உருளும் ஓசை கேட்டதும் உறுதி கரைந்துவிடுகிறது. பிறருடைய மனைவியையும் ஒழுங்கான இல்லத்தையும் கண்டு மனம் வேகிறான். முடிவில் அவனுக்குக் கிடைக்கும் உபதேசம், சூதை விட்டு நிலத்தை உழு என்பதே.

தோற்றவன் ஏன் எழுந்து போவதில்லை? 1979ஆம் ஆண்டு டானியல் கானெமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர் இருவர், ஆயிரம் ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியிலும் அதே ஆயிரம் ரூபாயை இழக்கும் வேதனை பெரிது என்ற கருத்தை விளக்கினர். அவ்வேதனையைத் தாங்க மாட்டாமல், விட்டதைப் பிடிக்கவே மனம் துடிக்கிறது. தருமர் செல்வத்தையும் நாட்டையும் தோற்றபின் தம்பியரையும், தம்மையும், ஈற்றில் திரௌபதியையும் பணயம் வைத்தது இதனாலன்றோ!

அடுத்து வருவது வெட்கம். நாடிழந்த நளன், தன்னை நம்பிக் காட்டுக்கு வந்த தமயந்தியை நள்ளிரவிலே தனியே விட்டகன்றான். இன்றும் கடதாசி விளையாட்டிலோ கைத்தொலைபேசிச் சூதிலோ தோற்றவர் வீட்டாரின் முகம் பார்க்க அஞ்சுகிறார், பொய் சொல்கிறார், இரகசியமாக நகையை அடகு வைக்கிறார். மறைக்க மறைக்கக் கடன் வளர்கிறது. சிலருக்கு உயிரே வெறுத்துப் போகிறது.

திருவள்ளுவர் சூது என்னும் 94ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலும், சூதாட்ட நோயைக் குடி முதலிய அடிமைப் பழக்கங்களோடு சேர்த்தே கூறுகின்றது.

நோயென்றால் பரிகாரமும் உண்டு. தோற்றவர் முதலில் உண்மையை வீட்டாரிடம் சொல்லவேண்டும். விட்டதை மீட்கலாம் என்ற எண்ணத்தை அன்றே கைவிட்டு, வரும் பணத்தைச் சில காலம் மனைவியிடமோ தாயிடமோ ஒப்படைக்க வேண்டும். வீட்டாரும் ஏசித் துரத்தாமல் கேட்கவேண்டும். கடனைத் தீர்க்கவென்று பணத்தைக் கையிற் கொடுத்தலும் ஆகாது. மனம் மிகவும் சோர்ந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை நாடலாம்.

தமயந்தி நளனைத் தேடுவித்து மீட்டாள். தோற்று வந்தவருக்கு வீட்டுக் கதவு திறந்திருந்தால், போன பொருள் வராவிடினும் போன மனிதர் திரும்பி வருவார்.