எந்த டெஸ்ட்டை ஓட்டுவது? ஏஜென்ட் சினாரியோக்களைச் சலித்தெடுக்கும் வழிகள்

சியரா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட டௌ-பெஞ்ச் தொகுப்பில், சில்லறை விற்பனைப் பிரிவில் மட்டும் 115 சினாரியோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மாடல் வாடிக்கையாளராகப் பேசும். நம் ஏஜென்ட் ஆர்டரைத் தேடும், மாற்றும், பணத்தைத் திருப்பும். ஏஜென்ட் நிலையாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றையும் எட்டு முறை ஓட்டினால் 920 உரையாடல்கள். அத்தனைக்கும் டோக்கன் காசு உண்டு. ஒரு வரி பிராம்ப்ட்டை மாற்றும்போதெல்லாம் முழுத் தொகுப்பையும் ஓட்ட யாராலும் முடியாது. டெர்மினலிலேயே சலித்தெடுத்து ஓட்ட வேண்டியதுதான்.

கைக்கு முதலில் வருவது பெயரை வைத்துத் தேடுவது. பைதான் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில் '-கே ரீஃபண்ட்' என்றால் பெயரில் அந்தச் சொல் உள்ள டெஸ்ட்டுகள் மட்டும் ஓடும். 'அண்ட்', 'ஆர்', 'நாட்' சேர்த்தும் எழுதலாம். பிராம்ப்ட்டுகளைச் சோதிக்கும் கருவியான பிராம்ப்ட்ஃபூவில் '--ஃபில்டர்-பேட்டர்ன்' டெஸ்ட்டின் விளக்கவரியில் தேடும். இன்றைய வேலைக்கு இது போதும். ஆனால் பைடெஸ்ட் கோப்பின் பெயரையும் சேர்த்துப் பார்க்கும் என்பதால் வேண்டாதவையும் உள்ளே வரும். பணம் திருப்புவதைப் பற்றியே இருந்தாலும் 'கிஃப்ட் கார்டு' என்று பெயர் வைத்த சினாரியோ வெளியே நின்றுவிடும்.

நாள்பட நிற்பது குறிச்சொல்தான். பைடெஸ்டில் '-எம்'; பிராம்ப்ட்ஃபூவில் '--ஃபில்டர்-மெட்டாடேட்டா'. பிரிட்டன் அரசின் ஏஐ செக்யூரிட்டி இன்ஸ்டிடியூட் உருவாக்கிய இன்ஸ்பெக்ட்டில், டாஸ்க்குக்குக் கொடுத்த பண்புகளை வைத்து 'இன்ஸ்பெக்ட் லிஸ்ட் டாஸ்க்ஸ் -எஃப்' பட்டியலைச் சுருக்கித் தரும். குறிச்சொற்களை அள்ளித் தெளிக்காதீர்கள், இரண்டு வகை போதும்: எந்தத் துறை, ஏஜென்ட் செய்ய வேண்டியதா மறுக்க வேண்டியதா. இரண்டாவதை நான் அழுத்திச் சொல்வேன். டௌ-பெஞ்ச் சில்லறை விதிகளின்படி, அனுப்பப்படாத ஆர்டரை ரத்து செய்ய இரண்டே காரணங்கள்தான் செல்லும்: இனித் தேவையில்லை, தவறுதலாக ஆர்டர் செய்துவிட்டேன். வேறு காரணம் சொல்லி வாடிக்கையாளர் கெஞ்சினாலும் ஏஜென்ட் மறுக்க வேண்டும். இப்படிப்பட்ட சினாரியோ சல்லடையில் விழுந்துபோனால், யார் கேட்டாலும் தலையாட்டும் ஏஜென்ட்டுக்கு நாமே பாஸ் போட்டுவிடுவோம்.

சினாரியோக்கள் ஜேசன் வரிகளாக ஒரே கோப்பில் இருந்தால் கிரெப்பா ஜேக்யூவா என்ற கேள்வி வரும். எண்ணிப் பார்க்க கிரெப். தேர்ந்தெடுக்க ஜேக்யூ. அதைக் குறிச்சொல் புலத்தை மட்டும் பார்க்கச் சொல்லலாம் என்பதால், உரையாடலுக்குள் தற்செயலாக வந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு வராது.

தோற்றதை மட்டும் மறுபடி ஓட்டும் வசதி எல்லோருக்கும் பிடித்தது: பைடெஸ்டில் '--எல்எஃப்', பிராம்ப்ட்ஃபூவில் '--ஃபில்டர்-ஃபெயிலிங்'. பிழையைத் தேடும் நேரத்தில் அருமையான துணை. முன்னேற்றத்தை அளக்க மட்டும் இதைத் தொடாதீர்கள். ஏஜென்ட் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடப்பதில்லை. டௌ-பெஞ்ச் கட்டுரையிலேயே, ஜிபிடி-4ஓ போன்ற மாடல்கள்கூட சில்லறைப் பிரிவில் எட்டு முறையும் தவறாமல் வென்றது 25 சதவீதத்துக்கும் குறைவான சினாரியோக்களில்தான். 115-இல் 50 தோற்றது என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாற்றாமல் அந்த 50-ஐ மறுபடி ஓட்டினாலே சில தேறிவிடும். முதல் சுற்றில் ஜெயித்த 65-இல் அதிர்ஷ்டத்தால் தேறிய சில, இப்போது ஓட்டியிருந்தால் தோற்றிருக்கும். அவற்றை நாம் ஓட்டவே இல்லை. கணக்கில் ஏற்றம் மட்டுமே தெரியும்.

முதல் பத்தை மட்டும் ஓட்டுவது கருவி இயங்குகிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். பெரும்பாலும் எளிய சினாரியோக்களைத்தான் முதலில் எழுதியிருப்போம். மாதிரி வேண்டுமென்றால் பிராம்ப்ட்ஃபூவின் '--ஃபில்டர்-சாம்பிள்' போல எழுந்தமானமாக எடுங்கள்.

ஒரே ஒரு தோல்வியை மறுபடி வரவழைக்க சினாரியோவின் எண்ணே சரி. இன்ஸ்பெக்ட்டில் '--சாம்பிள்-ஐடி', டௌ-பெஞ்சில் '--டாஸ்க்-ஐடிஸ்'.

எந்த வழியை எடுத்தாலும், காசு செலவாகும் முன் பட்டியலைப் பாருங்கள். பைடெஸ்டில் '--கலெக்ட்-ஒன்லி -க்யூ' எதையும் ஓட்டாமல் பெயர்களை மட்டும் காட்டும். டெஸ்ட் கோப்பில் குறிச்சொல்லைத் தப்பாக எழுதினால் '--ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ்' தடுத்து நிறுத்தும். கட்டளையில் நீங்கள் தட்டும் சொல்லை அது பார்க்காது. ஒன்றுமே சிக்காதபோது பைடெஸ்ட் 5 என்ற வெளியேறும் எண்ணைத் தரும். தானியங்கி ஸ்கிரிப்ட் அதை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'நாட்' போட்டு விலக்கும்போது எழுத்துப்பிழை வந்தால் நிலைமை இன்னும் மோசம்: எதுவும் விலகாது, எந்த எச்சரிக்கையும் வராது, முழுத் தொகுப்பும் ஓடும். அதனால் முடிவு அறிக்கையின் முதல் வரியில் சல்லடைக் கட்டளையையும், மொத்தம் எத்தனையில் எத்தனை ஓடியது என்பதையும் எழுதிவிடுங்கள்.