சீட்டுக் குலுக்கலும் தரப்புள்ளியும்

விடுதிகளில் டேபிள் டென்னிஸ் பந்தயம் என்றால் வழக்கம் ஒன்றே. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். தோற்றவர் அப்போதே விலகுவார். எஞ்சிய இருவர் இறுதியில் மோதுவர். எளிய முறைதான். ஆனால் நேரிய முறையா?

வல்லவரே எப்போதும் வெல்வார் என்று வைத்துக்கொள்வோம். முதல்வருக்குக் கவலையில்லை, எந்த மூலையில் விழுந்தாலும் கோப்பை அவருக்குத்தான். இரக்கத்துக்குரியவர் இரண்டாமவரே. 16 பேர் ஆடும் பந்தயத்தில் அவருக்கு எஞ்சியுள்ள இடங்கள் 15. அவற்றுள் 7 இடங்கள் முதல்வர் இருக்கும் பாதியிலேயே உள்ளன. அங்கே விழுந்தால் இறுதி ஆட்டம் அவருக்கு இல்லை. முதல் சுற்றிலேயே வெளியேறவும் கூடும்! 'ஆலிஸ்' கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சனே ஆவார். அவர் 1883-இல் டென்னிஸ் பந்தயங்களின் இக்குறையைக் கணக்கிட்டு ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

வல்லவர்களை முன்னரே வெவ்வேறு பகுதிகளில் அமர்த்திவிட்டால் குறை தீரும். ஆனால் வல்லவர் யார் என்று தீர்ப்பது யார்? செயலாளரின் அறைத்தோழர் எப்படியோ அந்தப் பட்டியலில் இடம் பெற்றுவிடுவார்! இங்கேதான் தரப்புள்ளி துணைக்கு வருகிறது.

அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்பாத் ஈலோ சதுரங்கத்துக்கு ஒரு முறை வகுத்தார். அந்நாட்டுச் சதுரங்கச் சம்மேளனம் அதனை 1960-இலும், உலகச் சம்மேளனம் 1970-இலும் ஏற்றன. டேபிள் டென்னிஸுக்கு அமெரிக்கச் சங்கம் நெடுங்காலம் கையாண்ட அட்டவணை இன்னும் எளியது. சமநிலையினர் ஆடினால் வென்றவருக்கு 8 புள்ளி கூடும். தோற்றவருக்கு 8 குறையும். இருவருக்குமிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், மேலவர் வென்றால் 4 மட்டுமே. கீழவர் வென்றாலோ 20. வேறுபாடு 238-ஐ எட்டிவிட்டால், மேலவர் வெற்றிக்கு ஒன்றுமில்லை. கீழவர் வெற்றிக்கு 50!

இந்த 4, 20 என்ற எண்களைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். மேலவர் 5 முறை வென்று 20 புள்ளி சேர்க்கிறார். ஒருமுறை தோற்று அந்த 20-ஐயும் இழக்கிறார். கணக்கு நேராகிறது. அதாவது, 100 புள்ளி மேலிருப்பவர் 6 ஆட்டங்களில் 5-ஐ வெல்வார் என்பதே அட்டவணையின் எதிர்பார்ப்பு. சதுரங்கத்தில் ஈலோவின் 100 புள்ளி வேறுபாடோ நூற்றுக்கு 64 பங்கு வெற்றியையே குறிக்கும். எண் ஒன்றாயினும் பொருள் வேறு. தரப்புள்ளி ஒருவருக்குச் சூட்டும் பட்டமன்று. இன்னாரோடு ஆடினால் என்ன நேரும் என்னும் ஊகமே. ஆகவே ஒரு விடுதியின் 1200-ஐயும் மற்றொரு விடுதியின் 1200-ஐயும் ஒப்பிடுவது வீண். இரு விடுதியினரும் தம்முள் ஆடிப் பழகினாலன்றி அவ்வெண்கள் ஒன்றையொன்று அறியா.

ஊகம் பொய்ப்பதும் உண்டு. 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் பந்தயத்துக்கு ஜப்பான் முதன்முறையாக வந்தது. ஹிரோஜி சாதோ கடற்பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு ஆடி, ஒற்றையர் பட்டத்தையே கொண்டுபோனார். பழைய வெற்றி தோல்விகளை எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் புதிய மட்டை அதில் தெரியாது. புதியவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைக் கொடுத்தால், அவரிடம் தோற்றவர்களெல்லாம் நியாயமின்றிப் புள்ளி இழப்பர். அவருடைய முதல் சில ஆட்டங்களைப் பார்த்தே தொடக்கப் புள்ளி தரவேண்டும்.

இம்முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. முதல் சுற்றில் தோற்ற நண்பர் மட்டையை உறையிலிட்டு அடுத்த ஆண்டுவரை மறந்துவிடுகிறார். தரப்புள்ளி இருந்தால், கடைசி நிலையிலுள்ள இருவர் இரவு உணவுக்குப்பின் ஆடும் ஆட்டத்துக்கும் கணக்குண்டு. புள்ளி குறையுமென அஞ்சி மேசைப்பக்கமே வராத வல்லவர்களும் தோன்றுவர். இரண்டு மாதத்தில் 10 ஆட்டமாவது ஆடாதவரைச் சீட்டிலேயே விட்டுவிடலாம்.

நம் சங்கம் அடுத்த பந்தயத்துக்கு முன் இதைச் செய்து பார்க்கட்டும். எல்லோரும் 1000-இல் தொடங்குவோம். முதல் நால்வரை நான்கு பகுதிகளில் அமர்த்தி, மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்குவோம். வேண்டியதெல்லாம் மேசையருகே நூலில் கட்டிய ஒரு நோட்டும் பென்சிலும்: தேதி, வென்றவர், தோற்றவர், மாறிய புள்ளி.