தொழிலுக்கு ஓடும் வாகனமும் காப்பீடும்

பாலக்காட்டு நகரை ஒட்டி, ஆற்றங்கரையில் அமைந்துள்ள கல்பாத்தியைக் 'காசியில் பாதி கல்பாத்தி' என்று போற்றுவது மரபு. ஐப்பசி இறுதியில் நடைபெறும் தேர்த் திருவிழாவினால் புகழ்பெற்ற இத் தமிழ் அக்கிரகாரத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. அப்பளம், வடாம், கொண்டாட்டம், ஊறுகாய் முதலியவற்றைத் தயாரிக்கும் குடும்பத் தொழில்களும், 'தேகண்டம்' என இப்பகுதியில் வழங்கும் சமையல் ஒப்பந்தத் தொழிலும் இங்குள்ள பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரமாக உள்ளன. திருமணத்துக்குப் பாத்திரங்களை ஏற்றிச் செல்லவும், பொள்ளாச்சியிலிருந்து காய்கறி கொணரவும், வாளையாறு வழியே கோயம்புத்தூர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பவும் வாகனம் இன்றியமையாததாகும். தொழிலின் முதலீட்டில் பெரும் பங்கு வாகனத்திலேயே முடங்கியிருப்பதும் இயல்பே. ஆயினும், வாகனத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை அதன் காப்பீட்டில் பலர் காட்டுவதில்லை. அதனால் விளையும் இழப்பு வாகனத்தோடு நிற்பதன்று. குடியிருக்கும் வீட்டையும் அது தொடக்கூடும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்குக் காப்பீடு கட்டாயம் என்ற நெறியை பிரிட்டன் 1930-ஆம் ஆண்டில் சட்டமாக்கியது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்நெறியை ஏற்றது. எனினும், கட்டாயக் காப்பீடு பற்றிய அத்தியாயம் 1946 ஜூலை 1 முதலே நடைமுறைக்கு வந்தது. பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையாக்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்கு நிறுவனங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்களும் மீண்டும் இத்துறையில் நுழைந்தன. பழைய சட்டத்தின் இடத்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டில் அது விரிவாகத் திருத்தப்பட்டது. காப்பீடின்றி வாகனம் ஓட்டுவோருக்கு, இத்திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கு ரூ.2,000-மும் அடுத்த குற்றத்துக்கு ரூ.4,000-மும் அபராதம் உண்டு; மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இருவகைப் பாதுகாப்பு

மோட்டார் பாலிசியில் இரு பகுதிகள் உள்ளன. முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. சாலையில் நடந்து செல்பவர், எதிரே வரும் வாகனத்தில் இருப்பவர் போன்றோருக்கு நேரும் மரணம், காயம், உடைமைச் சேதம் ஆகியவற்றுக்கு உரிமையாளர் செலுத்த வேண்டிய இழப்பீட்டை இது ஏற்கிறது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இதனை மட்டுமே. இரண்டாவது, சொந்த வாகனத்தின் சேதத்துக்கான காப்பீடு. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், மண்சரிவு முதலியவற்றால் வாகனத்துக்கு நேரும் இழப்பை இது ஈடுசெய்கிறது. இது உரிமையாளரின் விருப்பத்தைச் சார்ந்தது.

சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 2007 முதல் படிப்படியாகக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஆகையால் அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகைச் சரக்கு வாகனத்துக்கு ஆண்டுப் பிரீமியம் ரூ.16,049, 40,000 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.44,242. மின்சார வாகனங்களுக்கு 15 சதவீதச் சலுகையும் அளிக்கப்பட்டது. சொந்தக் காரைவிடத் தொழில் வாகனத்துக்குப் பிரீமியம் மிகுதியாக இருப்பதன் காரணம் எளிது. அது நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடுகிறது, பாரம் சுமக்கிறது, பலர் கைக்கு மாறுகிறது.

பயன்பாடே அடித்தளம்

சிறு தொழில் புரிவோர் தவறும் முதல் இடம் இதுவேயாகும். பிரீமியத்தையும் வரியையும் குறைக்கும் நோக்கில், வீட்டு உபயோகத்துக்கெனப் பதிவு செய்த வேனைத் தொழிலுக்கு ஓட்டுவதுண்டு. தனியார் காருக்குரிய பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதி உள்ளது. வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிப் பொருள்களும் பயணிகளின் சொந்தச் சாமான்களும் அல்லாத சரக்கை ஏற்றுவதும் அவ்வரம்புக்கு வெளியே நிற்பவை. சமையல் பாத்திரங்களுடனும் மளிகைச் சாமான்களுடனும் செல்லும் வேன் விபத்துக்குள்ளானால், பழுது பார்க்கும் செலவைத் தர நிறுவனம் மறுக்கக்கூடும்.

மூன்றாம் நபருக்குரிய இழப்பீட்டின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்கலாகாது என்பது சட்டத்தின் நோக்கம். எனவே பாலிசி நிபந்தனை மீறப்பட்ட பல வழக்குகளில், நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் ஆணையிட்டுள்ளன. 2004-ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்நெறியை விரிவாக ஆராய்ந்தது. 2018-ஆம் ஆண்டு அம்ரித் பால் சிங் வழக்கில், பர்மிட் இல்லாத வாகனத்துக்கும் இதே முறை பின்பற்றப்பட்டது. ஒரு குடும்பத் தலைவரின் மரணத்துக்கான இழப்பீடு பல லட்சம் ரூபாயை எட்டுவது சாதாரணம். அத்தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க முற்பட்டால், தனி நபர் நடத்தும் தொழிலில் கடையும் வீடும் அதற்கு ஈடாக நிற்க நேரிடும். பிரீமியத்தில் சேமித்த சில ஆயிரங்களின் விலை இது.

ஓட்டுநரும் உடன் செல்வோரும்

ஓட்டுநருக்கு முறையான உரிமம் இருப்பது பாலிசியின் முக்கிய நிபந்தனை. இலகுரக வாகன உரிமம் பெற்றவர் சிறிய சரக்கு வாகனத்தை ஓட்டலாமா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வாகனமாயின் தனி அனுமதி தேவையில்லை என்று 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது. சிறு தொழில்களுக்கு இது பெரும் நிவாரணமாகும்.

சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவது மற்றோர் ஆபத்து. சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு வட்டத்துக்குள் கொணர்ந்தது. ஆனால் இனாமாக ஏறிக்கொள்ளும் பயணிக்கு அப்பாதுகாப்பு இல்லை என்று 2002 இறுதியில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விருந்து முடிந்து நள்ளிரவில் பாத்திரங்களின் மேல் அமர்ந்து திரும்பும் பரிமாறுவோர், போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் நெருக்கியடித்துச் செல்லும் கூலித் தொழிலாளர் ஆகியோரின் நிலையை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் கண்ட இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஏறும் ஒவ்வொருவரும் காப்பீட்டின் நிழலுக்கு வெளியே அமரக்கூடியவரே. சம்பளம் பெறும் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் கூடுதல் பிரீமியம் செலுத்திப் பாலிசியை விரிவுபடுத்திக் கொள்ளலாம்.

எவை அடங்கும், எவை அடங்கா

வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறையும். பட்டியல் விலை ரூ.8 லட்சம் எனில், இரண்டு ஆண்டுகளைக் கடந்து மூன்றாம் ஆண்டில் ஓடும்போது 30 சதவீதத் தேய்மானம் கழித்து மதிப்பு ரூ.5.6 லட்சமாகும். பழுது பார்க்கும் செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது ரூ.4.2 லட்சத்தை, மிஞ்சினால் முழு இழப்பாகக் கருதப்படும். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைத் தாழ்த்திக் காட்டுவோர் முழு இழப்பின்போது அதன் பலனை உணர்வர்.

விளக்குகள், டயர்கள், மட்கார்டு, பம்ப்பர், பெயின்ட் ஆகியவற்றுக்கு மட்டும் நேரும் சேதம் வர்த்தக வாகனங்களின் சாதாரணப் பாலிசியில் அடங்காது. 'ஐ.எம்.டி. 23' என்னும் சேர்க்கையைத் தனியே பெற வேண்டும். வாகனத்தில் ஏற்றிய சரக்கும் மோட்டார் பாலிசியில் அடங்காது. அதற்குச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு தேவை. ஊறுகாய்ப் பாட்டில்களை ஏற்றிய வேன் கவிழ்ந்தால், வேனுக்கு ஈடு கிடைத்தும் சரக்குக்குக் கிடைக்காமற் போவது இதனாலேயே.

வெள்ளத்தைப் பற்றியும் கூற வேண்டும். 2018 ஆகஸ்ட் மாதத்தில் கேரளத்தைத் தாக்கிய பெருவெள்ளம் பாலக்காட்டையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளச் சேதம் விரிவான பாலிசியில் அடங்கும். ஆனால் நீர் புகுந்த இன்ஜினை முடுக்கி, அதனால் அது பழுதானால், அச்சேதத்தை நிறுவனங்கள் ஏற்பதில்லை. நீரில் நின்ற வாகனத்தை இயக்காமல், கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே முறை.

விபத்துக்குப் பின்

விபத்து நேர்ந்தவுடன் காயமுற்றோரை மருத்துவமனைக்குச் சேர்ப்பது முதற்கடமை. பின்னர் போலீசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்வையிடுவதற்கு முன் வாகனத்தைப் பிரிக்கலாகாது. பாதிக்கப்பட்டோர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே மரணத்துக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் பெறவும் அது வழிவகுத்தது. உரிமையாளரின் கோரிக்கையை நிறுவனம் மறுத்தால், தனி உரிமைத் தொழில் நடத்துவோர் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம்.

செய்யத்தக்கவை

வாகனம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறதோ அதையே முன்மொழிவுப் படிவத்தில் எழுதுதல். பாலிசி, தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் காலாவதி நாட்களை ஒரே ஏட்டில் குறித்து வைத்தல். பிரீமியம் முன்கூட்டிச் செலுத்தப்பட்டாலன்றிப் பொறுப்புத் தொடங்காது என்பதை மறவாதிருத்தல். பழைய வாகனம் வாங்கினால் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் ஆகிய நான்கும் பெரும் செலவு வேண்டாதவை. தொழிற் சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் தம் உறுப்பினரின் பாலிசிகளை ஆண்டுக்கொரு முறை கூட்டாகச் சரிபார்ப்பின், பல குடும்பங்கள் எதிர்பாராத கடனினின்றும் தப்பும். முறையான காப்பீடு உரிமையாளரின் முதலைக் காக்கிறது. அத்துடன், சாலையில் செல்லும் முகமறியாத மனிதரின் குடும்பத்துக்கும் அது பாதுகாப்பாக அமைகிறது.