பட்டமரமும் இளங்குதிரையும்: காட்டுப்பாதைச் சவாரி பற்றிய சில நம்பிக்கைகள்

"வலக்கண் பார்த்தது இடக்கண்ணுக்குத் தெரியாது." இளங்குதிரையைக் காட்டுப்பாதைக்குப் பழக்குகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. போகும்போது ஒரு பட்டமரத்தை முகர்ந்துவிட்டுச் சாதுவாகக் கடந்த குதிரை, திரும்பும்போது அதே மரத்தைக் கண்டு பக்கவாட்டில் துள்ளி ஆளைக் கீழே தள்ளுகிறது. ஏன் என்று கேட்டால், குதிரையின் மூளை இரு பாதியாகப் பிரிந்து கிடக்கிறது, ஒரு பாதி கற்றது மறுபாதிக்குப் போய்ச் சேராது என்று விளக்கம் வரும்.

மூளையின் அமைப்பு இந்தக் கதைக்கு இடம் தரவில்லை. இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் மனிதனுக்கு இருப்பதுபோலவே குதிரைக்கும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் எவலின் ஹங்கி, குதிரைகளின் ஒரு கண்ணை மறைத்துவிட்டு, மறு கண்ணால் பார்த்தே இரண்டு உருவங்களில் சரியானதைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார். பிறகு பழகிய கண்ணை மறைத்து, பழகாத கண்ணைத் திறந்துவிட்டார். குதிரைகள் சரியான உருவத்தையே காட்டின. இந்த ஆய்வு வெளியானது 1999இல். கதை இன்னும் ஓயவில்லை.

மூளை ஒன்றுதான் என்றால், மரத்தைக் கண்டு ஏன் மிரள வேண்டும்? விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் பங்கேற்று, 2021இல் வெளியான கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. குழந்தைகள் ஏறி விளையாடும் பெரிய பிளாஸ்டிக் சாதனம் ஒன்றை வைத்து, இரண்டு மூன்று வயதுக் குவார்ட்டர் இனக் குதிரைகளை அதன் பக்கமாகத் திரும்பத் திரும்ப நடத்திச் சென்றார்கள். குதிரைகள் பழகி, அதைக் கவனிப்பதையே விட்டன. பிறகு அந்தச் சாதனத்தை 90 டிகிரி திருப்பி வைத்தார்கள். திருப்பி வைத்ததைப் பார்த்த குதிரைகள் புதுப்பொருளைக் கண்டதுபோலவே நடந்துகொண்டன. சைக்கிளை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் நமக்கு அது சைக்கிள்தான். இளங்குதிரைக்கு அந்த உறுதி கிடையாது. போகும்போது கண்ட மரத்தின் முகம் வேறு, வரும்போது கண்ட முகம் வேறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதையும் இரண்டு பக்கமும் காட்டிப் பழக்கு என்ற பழைய பாடம் முற்றிலும் சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு. காரணம் தெரிந்தால் பாடமும் கூர்மையாகிறது. குதிரையை வலமும் இடமுமாக நடத்தினால் மட்டும் போதாது. பொருளைச் சுற்றிவர வேண்டும், அதே பாதையில் எதிர்த்திசையிலும் போக வேண்டும்.

வயது விஷயத்தில் நம்பிக்கைகள் இரண்டு துருவங்களில் நிற்கின்றன. ஒரு தரப்பு, முன்னங்கால் முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அங்கே எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளுகிற குருத்தெலும்புப் பகுதி) மூடிவிட்டால் இரண்டு வயதிலேயே முழுச் சவாரிக்குத் தயார் என்கிறது. முட்டியருகே உள்ள தட்டு ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதில் மூடுவது உண்மைதான். ஆனால் சவாரிக்காரர் உட்காருவது முட்டியின் மேல் அல்லவே. முதுகெலும்புக் கணுக்களின் தட்டுகள்தான் கடைசியில் மூடுகின்றன. அதற்கு ஐந்து வயதாவது ஆகும். நெடுந்தூரச் சவாரி நடத்துகிறவர்கள் வயதில் கறாராக இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஏ.இ.ஆர்.சி. அமைப்பு, 50 மைலும் அதற்கு மேலும் உள்ள சவாரிகளுக்கு ஐந்து வயது நிரம்பாத குதிரையைச் சேர்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1955இல் வெண்டல் ரோபி தொடங்கிவைத்த டெவிஸ் கப் சவாரிக்கு ஆறு வயது ஆகியிருக்க வேண்டும். சியாரா நெவாடா மலைகளைக் கடந்து ஆபர்ன் நகரம் வரை 100 மைல், 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். புறப்படுகிறவர்களில் சுமார் பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள்.

மறுதரப்பு, ஐந்து வயதுவரை குதிரையைத் தொடவே கூடாது, லாயத்திலேயே பத்திரமாக வைத்திரு என்கிறது. இதுவும் குதிரைக்குக் கெடுதல்தான். எலும்பும் தசைநாணும் சுமையும் அசைவும் பட்டுத்தான் உறுதிப்படுகின்றன. அடைத்து வளர்த்த குட்டி, ஓடியாடி வளர்ந்த குட்டிக்கு ஈடாகாது.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே எப்படி நடப்பது என்பதற்கு ஐஸ்லாந்தைப் பார்க்கலாம். அங்கே குட்டிகள் கூட்டமாக மலைச்சரிவுகளில் வளர்கின்றன. கல், சேறு, ஓடை, எரிமலைக் குழம்பு உறைந்த பாறை எல்லாம் அவற்றுக்கு விளையாட்டுத் திடல். செப்டம்பர் கடைசியில், மேய்ச்சல் முடிந்து மந்தைகள் இறங்கும்போது, ஸ்காகாஃப்யோர்துர் வட்டாரத்து லௌஃப்ஸ்காலாரியெத் பட்டியில் நூற்றுக்கணக்கான குதிரைகளை ஓட்டிவந்து பிரித்தெடுப்பது பெரிய திருவிழாவாகவே நடக்கும். சேணம் ஏறுவது பொதுவாக நான்கு வயதில்தான். அந்நாட்டு நெடும்பயணங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. சவாரிக்காரர்களோடு, மேலே ஆள் இல்லாத குதிரைகளும் மந்தையாக ஓடிவரும், நடுவழியில் மாற்றிக்கொள்வதற்காக. பயிற்சியில் உள்ள இளங்குதிரையை, பழகிய குதிரைமேல் இருந்தபடி பக்கத்தில் கயிற்றில் பிடித்துக்கொண்டும் போவார்கள். ஆக, முதுகில் ஆள் ஏறும் நாளில் அந்தக் குதிரைக்கு ஆறு புதிதல்ல, பாறை புதிதல்ல, பாரம் ஒன்றுதான் புதிது. ஒரே நாளில் பாதையையும் பாரத்தையும் சேர்த்துக் கற்பிக்க முனைகிற அவசரக்காரர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இன்னொரு நம்பிக்கை: "ஓட்டிக் களைக்கவை, தானாக அடங்கும்." அடங்காது. நாளுக்கு நாள் தெம்பு கூடும், நாளை இன்னும் அதிக நேரம் ஓட்ட வேண்டிவரும். களைத்த குதிரை பாறையில் இடறுவது வேறு கதை.

குதிரையைக் கம்பத்தில் கட்டி, முகத்தருகே கோணியையோ பிளாஸ்டிக் பையையோ வீசிக்கொண்டே இருந்தால் பயம் தெளிந்துவிடும் என்று நம்புகிறவர்களும் பலர். டென்மார்க்கில் யான்னெ வின்தர் கிறிஸ்டென்சனும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத் தொடுகிறது. இரண்டு வயதுப் பொலிக்குதிரைகள் 27. அசையும் வெள்ளை நைலான் பை ஒன்று. ஒன்பது குதிரைகளுக்குப் பையை முழு ஆட்டத்தோடு நேராகக் காட்டினார்கள். இன்னும் ஒன்பதுக்கு முதலில் பையை நல்ல பரிசோடு சேர்த்துப் பழக்கினார்கள். மீதி ஒன்பதுக்குச் சிறு சிறு படியாக, ஒவ்வொரு படியிலும் அமைதியடைந்த பின்பே அடுத்த படி. படிப்படியாகப் பழகியவைதான் மிகக் குறைவாக மிரண்டன, விரைவாகவும் தேறின, ஒன்றுகூட விடுபடாமல் தேறின. மற்ற இரு குழுக்களிலும் தேறாதவை இருந்தன. அந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டியது. வெளியே மிரட்சி தெரியாமல்போன பிறகும் இதயத்துடிப்பில் மாற்றம் நீடித்தது. கம்பத்தடியில் சிலைபோல நிற்கும் குதிரை அமைதியாக இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது.

தனியாக அனுப்பினால்தான் தைரியம் வரும் என்பதும் எடுபடவில்லை. அதே கிறிஸ்டென்சனின் 2008ஆம் ஆண்டு ஆய்வில், பழகிய, பதறாத துணைக்குதிரையோடு விடப்பட்டவை குறைவாகவே அஞ்சின. அவற்றின் இதயத்துடிப்பும் குறைவாக இருந்தது. துணைக்குதிரை மட்டும் பதறாமல் இருந்தால் போதாது. ஸ்வீடனில் 2009இல் வெளியான சோதனையில், குதிரையோடு நான்காவது முறை போகும்போது குடை விரியும் என்று மனிதர்களிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதர்களோடு குதிரைகளின் இதயத்துடிப்பும் ஏறியது.

ஓடைக்கரையில் நின்றுவிடும் குதிரையைப் பிடிவாதம் என்று அடிப்பது இன்னும் போகவில்லை. குதிரையின் பார்வை உடலைச் சுற்றி ஏறத்தாழ 350 டிகிரி வரை விரிந்தாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழும் அதற்குத் தெரியாத இடம் உண்டு. தலையைத் தாழ்த்தினால்தான் காலடித் தண்ணீரைப் பார்க்க முடியும். அந்த நேரத்தில் பயந்துபோன சவாரிக்காரர் கடிவாள வாரை இழுத்துப் பிடித்திருப்பார். வாரைத் தளரவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, "இறங்கினால் குதிரை ஜெயித்துவிடும்." குதிரை வெற்றி தோல்விக் கணக்கு வைப்பதில்லை. ஒரு செயலுக்கு அடுத்த நொடியில் என்ன நடந்தது என்பதிலிருந்துதான் அது கற்கிறது. துள்ளிய மறுகணமே இறங்கி வீட்டுக்குத் திருப்பினால், துள்ளுவது பலன் தரும் என்று பழகக்கூடும். மிரட்சி முற்றுமுன்பே இறங்கி, கையில் பிடித்து நடத்திக் கடந்து, அப்பால் போய் மீண்டும் ஏறினால் எந்தக் கேடும் இல்லை. டெவிஸ் பாதையின் செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் தேர்ந்த சவாரிக்காரர்கள் இறக்கத்தில் இறங்கிக் கூடவே ஓடுகிறார்கள், ஏற்றத்தில் வாலைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பின்னே ஏறுகிறார்கள். இதற்கான பயிற்சியும் சமதளத்தில், வீட்டு வேலிக்குள் தொடங்குகிறது: பின்னங்கால்களில் கயிறு உரசினால் உதைக்காமல் நிற்பது, வாலை ஒரு கை பிடித்தபடி வந்தாலும் முன்னே நடந்துகொண்டிருப்பது.