கையடக்கக் கருவியும் லினக்ஸ் கணினியும்

களப்பணியில் திரட்டப்படும் குறிப்புகள் ஓரிடத்தில் மட்டும் இருக்குமாயின், அவை பாதுகாப்பாக உள்ளன எனக் கொள்ள இயலாது. 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த பைலட் கருவி நாட்குறிப்பு, முகவரி, பணிப்பட்டியல் ஆகியவற்றை மின்கலத்தைச் சார்ந்த நினைவகத்தில் வைத்திருந்தது. மின்கலம் தீர்ந்து, உடனே மாற்றப்படாவிடில் பதிவுகள் அனைத்தும் அழிந்துபோகும். ஆதலின், அவற்றின் படியைக் கணினியில் வைத்தல் இன்றியமையாததாயிற்று. கருவியிலும் கணினியிலும் உள்ள பதிவுகளை ஒன்றுபடுத்தும் இச்செயலே ஒத்திசைவு எனப்படும்.

இணைப்பு முறை

தொடக்கத்தில் இவ்விணைப்பு சீரியல் கம்பி வழியே நடைபெற்றது. 1999இல் ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் வைசர் கருவி யு.எஸ்.பி. தாங்கியுடன் வந்தது. லினக்ஸ் கணினிகளில் இக்கருவியைப் பயன்படுத்த இரண்டு மென்பொருள்கள் துணைபுரிந்தன. ஒன்று, லினக்ஸ் கருவகத்தில் இடம்பெற்ற 'வைசர்' என்னும் இயக்கி. மற்றொன்று, பதிவுகளைப் பரிமாறும் 'பைலட்-லிங்க்' தொகுப்பு.

இங்கு பழகியோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கருவியைத் தாங்கியில் வைத்த மாத்திரத்தில் கணினி அதனை அறிவதில்லை. தாங்கியில் உள்ள ஒத்திசைவுப் பொத்தானை அழுத்திய பின்னரே கருவி யு.எஸ்.பி. தடத்தில் தோன்றும். எனவே, முதலில் பொத்தானை அழுத்தி, பின்னரே கணினியில் ஆணையிட வேண்டும். வைசர் கருவிக்கு இரண்டு வாயில்கள் உருவாகும். பொதுவாக அவற்றுள் இரண்டாவதே ஒத்திசைவுக்கு உரியது. எது உரிய வாயில் என்பதைக் கணினியின் நிகழ்வுப் பதிவேடு காட்டும். அவ்வாயிலைத் திறக்கும் உரிமை பயனருக்கு இல்லையெனில், பிற யாவும் சரியாக இருப்பினும் முயற்சி தோல்வியுறும்.

பதிவுகள் ஒன்றுபடும் விதம்

கருவியின் ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் உண்டு. பதிவு திருத்தப்பட்டால் அதில் ஓர் அடையாளம் இடப்படும். அதே கணினியுடன் மீண்டும் இணையும்போது அடையாளமிட்ட பதிவுகளை மட்டும் மாற்றினால் போதும். இது விரைவு ஒத்திசைவு. இடையில் வேறு கணினியுடன் இணைந்திருப்பின் எல்லாப் பதிவுகளையும் ஒப்பிட வேண்டும். இது மெதுவான ஒத்திசைவு. ஒரே பதிவு இருபுறமும் வெவ்வேறாகத் திருத்தப்பட்டிருப்பின் இரண்டையும் காத்து, முடிவைப் பயனரிடம் விடுதலே முறையாகும். எதைக் களைவது என்பதை அவரே அறிவார்.

நிலைத்த பயன்

பாம் நிறுவனத்தை 2010இல் ஹியூலெட்-பேக்கர்டு வாங்கியது. மறு ஆண்டே அக்கருவிகளின் தயாரிப்பைக் கைவிட்டது. எனினும் பைலட்-லிங்க் போன்ற தொகுப்புகளின் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பதால், பழைய பதிவுகளைப் படிக்கும் வழி அடைபடவில்லை. கருவி மறையினும் தரவு வாழ வேண்டுமெனில், அதன் அமைப்பு ஒருவர் கைக்குள் அடங்கியதாக இருத்தல் கூடாது. பொது ஆவணங்களைப் பேணுவோர் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது மனங்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.