ஆள், பயிர், இயந்திரம்: கூட்டுப்பண்ணையின் நாட்கணக்கு

பெரும்பண்ணை என்றவுடன் ஒரே மிராசுதாரரின் பல நூறு ஏக்கர் நிலமும், அதன் களமும், காரியஸ்தரும், கணக்குப்பிள்ளையும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. காவிரிப் பாசனப் பகுதியில் அக்காலம் மறைந்துபோயிற்று. 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரையறுத்தது; 1970-ஆம் ஆண்டில் அவ்வரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. ஆகவே இன்று நம்மிடையே பெரும்பண்ணை உண்டாக வேண்டுமானால், சிறு நிலங்கள் பல ஒன்றுகூடியே உண்டாக வேண்டும். 2017-18-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டம் இவ்வழியிலேயே அமைந்தது. இருபது உழவர்களைக் கொண்ட குழுக்கள் ஐந்து இணைந்து, 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாயின. பொதுவில் இயந்திரம் முதலியவை வாங்குவதற்காகக் குழு ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது.

இத்தகைய பண்ணையில் நிலம் அவரவருக்கு உரியது. இயந்திரம் அனைவருக்கும் பொது. இயந்திரம் வந்து சேரும் நாளில் பூசையும் மகிழ்ச்சியும் உண்டு. சச்சரவு தோன்றுவது அறுவடை நாளில்தான். வானம் கறுத்து நிற்கையில், நூறு வயல்களும் ஒருசேர முற்றி நிற்கையில், யார் வயலில் இயந்திரம் முதலில் இறங்குவது? இவ்வொரு கேள்விக்கு முன்கூட்டியே விடை காணாத கூட்டுப்பண்ணை நெடுநாள் நிலைப்பது அரிது. அந்த விடையை அறுவடைக் காலத்தில் தேடினால் கிடைக்காது. நாற்றங்காலில் விதை விழும் நாளிலேயே அது தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதலில் அளக்க வேண்டியது நாள்

நிலத்தை ஏக்கரால் அளக்கிறோம். விளைவை மூட்டையால் அளக்கிறோம். பெரும்பண்ணை நடத்துவோர் இவ்விரண்டுக்கும் முன்னதாக நாளை அளத்தல் வேண்டும். குறுவைக்கு இரு எல்லைகள் உண்டு. ஒன்று தண்ணீர்: மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. மற்றொன்று மழை: வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்களின் வயது ஏறக்குறைய 110 நாட்கள். ஜூன் 15-இல் விதைத்தது அக்டோபர் 3-இல் அறுவடைக்கு வரும். ஜூலை 10-இல் விதைத்தது அக்டோபர் 28-இல், அதாவது மழையின் வாயிலில் வந்து நிற்கும்.

இனி இயந்திரத்தை நோக்குவோம். அறுவடை இயந்திரம் மணிக்கு ஓர் ஏக்கர் அறுக்கும் என்று வைத்துக்கொள்வோம். காலைப் பனி உலர்ந்த பின்னர் 10 மணிக்கு இறங்கி மாலை 6 மணிக்கு ஏறினால் 8 மணி நேரம். வயல்விட்டு வயல் செல்லவும், டீசல் ஊற்றவும், நெல்லை இறக்கவும் கழியும் பொழுது போக, நாளொன்றுக்கு 6 ஏக்கரே கைகூடும். பண்ணையின் பரப்பு 180 ஏக்கர் எனின், ஓர் இயந்திரத்துக்கு 30 நாள் வேலை.

அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்தால், 180 ஏக்கரும் பத்து நாட்களுக்குள் அறுத்தாக வேண்டும். அப்போது ஒன்றுக்குப் பதில் மூன்று இயந்திரங்கள் தேவைப்படும். ஊரெங்கும் அதே பத்து நாட்களில் அறுவடை நடக்குமாதலால் வாடகையும் ஏறும், வண்டியும் கிடைக்காது. இயந்திரம் போதாமை என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் நாட்களை ஒழுங்கு செய்யாமையே ஆகும்.

நாற்றங்காலே நாட்காட்டி

180 ஏக்கரை 36 ஏக்கர் வீதம் ஐந்து பகுதிகளாகப் பிரிப்போம். மே 22, மே 28, ஜூன் 3, ஜூன் 9, ஜூன் 15 ஆகிய நாட்களில் ஒவ்வொரு பகுதிக்கும் விதைப்பைத் தொடங்கி, நாளொன்றுக்கு 6 ஏக்கருக்கான நாற்று விதைத்து வருவோம். நடவு இயந்திரத்துக்கு 16 நாள் நாற்று ஏற்றது. ஆகவே முதற்பகுதியின் நடவு ஜூன் 7-இல் தொடங்கும். ஐந்தாம் பகுதியின் நடவு ஜூலை 6-இல் முடியும். அறுவடை செப்டம்பர் 9-இல் தொடங்கி அக்டோபர் 8-இல் நிறைவுறும். பருவமழையின் சராசரித் தொடக்க நாளுக்கு இன்னும் 12 நாள் கையிருப்பு உண்டு. இடையில் மழையால் வேலை நின்றாலும், வண்டி பழுதுற்றாலும், அக்கையிருப்பு காப்பாற்றும்.

அணைத் தண்ணீர் வருமுன் நாற்றுக்கு நீர் ஏது எனலாம். இங்கேதான் பாய் நாற்றங்காலின் அருமை விளங்குகிறது. சாதாரண நாற்றங்கால் ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் வேண்டும்; பாய் நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் போதும். 180 ஏக்கருக்கும் சேர்த்து இரண்டு ஏக்கருக்குக் குறைந்த இடமே தேவை. வடிமுனைக் கிணறுகள் இரண்டொன்று இருந்தால் அந்நாற்றைக் காத்துவிடலாம். வயலுக்கு நிலத்தடி நீர் வேண்டுவது முதல் இரு பகுதிகளுக்கு மட்டுமே. மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாட்களில் கல்லணையை அடைந்து, பின் வாய்க்கால்களில் பிரிந்து வருகையில், மூன்றாம் பகுதி முதலானவை சேற்றுழவுக்கு நீர் பெறும். ஆகவே கிணறு உள்ள நிலங்கள் முதலிலும், வாய்க்காலை மட்டுமே நம்பிய நிலங்கள் பின்னரும் வருதல் முறை. கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாயுள்ள கடைமடை ஊர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அங்கே சம்பாவை வைத்தே கணக்கிட வேண்டும்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. முன்பின்னாக நடும்போது, முந்திய வயலில் பெருகிய புகையானும் எலியும் பிந்திய வயலுக்குக் குடியேறக்கூடும். எனவே ஒவ்வொரு பகுதியும் இடையில் பிற நிலம் புகாமல் தொடர்ச்சியாக அமைதல் வேண்டும். முதல் நடவுக்கும் கடைசி நடவுக்கும் இடைவெளி ஒரு மாதத்தை மிஞ்சலாகாது. எலி பிடித்தலும் பூச்சிக் கண்காணிப்பும் பண்ணை முழுவதற்கும் ஒருசேர நடத்தல் வேண்டும்.

ஆட்களை அமர்த்தும் முறை

நாளொன்றுக்கு 6 ஏக்கர் என்பதே இப்பண்ணையின் தாளம். உழவும், நடவும், அறுவடையும் அத்தாளத்துக்கு இசைய நடக்க வேண்டும். நாளொன்றுக்கு 3 ஏக்கர் நடும் சிறு நடவு இயந்திரம் எனில் இரண்டு வேண்டும். அவற்றின் முன்னே சேற்றுழவுக்கு இரண்டு டிராக்டர்கள் செல்ல வேண்டும். உழுத சேறு படிவதற்கு இடைவெளி விட்டே நடவு இயந்திரம் இறங்க வேண்டுமாதலால், உழவு எப்போதும் நடவுக்கு ஓரிரு நாள் முந்தி இருத்தல் அவசியம்.

ஆட்கணக்கையும் எழுதிப் பார்ப்போம். டிராக்டர் ஓட்டுவோர் 2, நடவு இயந்திரங்களுக்கு, பாய் எடுத்துக் கொடுப்போரும் மூலை முடுக்கை நடுவோரும் உட்பட, 6, நாற்றங்காலில் 8, பாய் சுமப்போர் 4, வரப்பு வெட்டுவோர் 4, நீர் பாய்ச்சுவோர் 2, ஆக 26 பேர். கை நடவாயின் ஏக்கருக்கு 12 பெண்கள் வீதம் நடவுக்கே 72 பேர் வேண்டும். இவ்வேறுபாட்டை மிச்சம் என்று மட்டும் எண்ணி மகிழ்தல் சங்கத்துக்கு அழகன்று. மீந்த பெண்கள் நம் ஊரினர்; நம் அங்கத்தினரின் வீட்டினரும் அவர்களுள் உண்டு.

ஆகையால் சங்கம் மூன்று விதிகளை ஏற்பது நலம். முதலாவது, நாற்றங்கால் வேலை அனைத்தும் முன்பு நடவு நட்ட பெண்களுக்கே முதலில் அளிக்கப்பட வேண்டும். இரண்டாவது, இயந்திரம் ஓட்டும் பயிற்சியில் அவர்களுக்கும் இடம் வேண்டும். நடவு இயந்திரத்தைப் பெண்கள் திறம்பட ஓட்டுகிறார்கள். மூன்றாவது, களையெடுப்பு, நெல் உலர்த்தல், வைக்கோல் கட்டுதல் ஆகிய வேலைகளையும் அட்டவணையில் சேர்த்து, ஒருவருக்குத் தொடர்ச்சியாக எத்தனை நாள் வேலை என்பதை முன்னதாகவே அறிவிக்க வேண்டும். பத்து நாள் பரபரப்பான வேலையைவிட முப்பது நாள் நிலையான வேலை கூலியாளருக்கும் நன்று, பண்ணைக்கும் நன்று. நாளை வேலை உண்டு என்று அறிந்தவர் நாளை வருவார்.

ஒவ்வொரு மாலையும் பகுதிப் பொறுப்பாளரும், இயந்திரம் ஓட்டுவோரும், நீர் பாய்ச்சுவோரும் கால்மணி நேரம் கூடி, மறுநாள் வயலையும், ஆளையும், வண்டியையும் குறித்துக் கொள்வார்களாயின், காலையில் ஒருவரை ஒருவர் தேடி அலையும் வீண்பொழுது மிச்சமாகும்.

இயந்திரம்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஓடாத நாளிலும் இயந்திரம் செலவு வைக்கும். தேய்மானம், வட்டி, காப்பீடு, கொட்டகை ஆகியவை சேர்ந்து ஓர் அறுவடை இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் ஆவதாகக் கொள்வோம். இரு போகத்திலும் 180 ஏக்கர் அறுத்து 360 மணி ஓடினால், அச்செலவு மணிக்கு 1,111 ரூபாய். ஆண்டில் 120 மணியே ஓடினால் மணிக்கு 3,333 ரூபாய். டீசலும், ஓட்டுநர் கூலியும், பழுதுச் செலவும் இதற்கு மேல். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன், "எத்தனை மணி ஓடும்?" என்று கேட்டல் வேண்டும்.

பயிரின் வயது தவறாமல் குறித்த நாளில் வேண்டுவனவும், விலை குறைந்தனவும் சொந்தமாக இருத்தல் நலம். நடவு இயந்திரமும், நாற்றுத் தட்டுகளும், இறைப்பு இயந்திரமும் அத்தகையன. விலை மிகுந்த அறுவடை இயந்திரத்தை வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ தனியாரிடமோ வாடகைக்குப் பெறலாம். இங்கும் நாட்கணக்கே நமக்குத் துணை. பத்து நாளைக்கு மூன்று வண்டி கேட்பவரைவிட, முப்பது நாளைக்கு ஒரு வண்டி கேட்பவருக்கு வண்டிக்காரர் மனமுவந்து இசைவார். நடவு முடிந்த கையோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். ஈரவயலுக்குச் சங்கிலிச் சக்கர வண்டியே வேண்டுமென்பதையும் அதில் குறிக்க வேண்டும்.

சொந்த இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஓடிய மணி, ஊற்றிய டீசல், மாற்றிய எண்ணெய், கண்ட பழுது ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். பருவம் முடிந்ததும் சேறு கழுவி, மசகிட்டு, பாட்டரியைக் கழற்றி வைத்து, எலி புகாத கொட்டகையில் நிறுத்த வேண்டும். அடிக்கடி தேயும் பெல்ட்டும் பேரிங்கும் பருவத்துக்கு முன்னரே கையிருப்பில் இருத்தல் வேண்டும். இவை இல்லாமையால் நிற்கும் ஒரு நாள், 6 ஏக்கர் நெல்லை வயலிலே நிறுத்திவிடும்.

தண்ணீர் தவறினால்

அட்டவணை ஒன்றே போதாது. 2022-ஆம் ஆண்டில் மேட்டூர் மே 24-லேயே திறக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டிலோ ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. எனவே இரண்டாவது அட்டவணை ஒன்றும் எழுதி வைக்க வேண்டும். ஜூன் இறுதிவரை வாய்க்காலில் நீர் இல்லையெனின், கிணறு உள்ள பகுதிகள் மட்டும் குறுவை செய்து, ஏனையவை சம்பா ஒருபோகத்துக்கு மாறுவது என்று முன்னரே முடிவு செய்திருந்தால், விதையும் பணமும் வீணாகா.

வரிசையின் நட்டம் யாரைச் சேரும்?

இனி நாம் கூறப்போவது இப்பாடத்தில் தலையாயது. எவ்வளவு கணக்கிட்டாலும் ஒருவர் முதலிலும் ஒருவர் கடைசியிலும் இருந்தே தீர வேண்டும். செப்டம்பரில் அறுப்பவர் உலர்ந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு செல்வார். அக்டோபரில் அறுப்பவரின் பயிர் ஒரு மழையில் சாய்ந்து, நெல் முளைவிட்டு, கொள்முதலுக்கு வழக்கமாக வகுத்துள்ள 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டி நிற்கக்கூடும். அவர் சோம்பியதால் அந்நட்டம் வரவில்லை. சங்கம் இட்ட வரிசைக்கு அவர் கட்டுப்பட்டதால் வந்தது. பயிர்க் காப்பீடோ பெரும்பாலும் கிராம அளவிலான சராசரி விளைச்சலைக் கொண்டே கணிக்கப்படுகிறது. சில ஏக்கரில் நேர்ந்த நட்டம் அதில் தோன்றாமலே போகலாம்.

வரிசையைச் சங்கம் தீர்மானிக்குமாயின், வரிசையால் வரும் நட்டத்தையும் சங்கமே ஏற்றல் நீதி. இதற்கு வழி உண்டு. ஏக்கருக்கு 2,000 கிலோ வீதம் 180 ஏக்கரில் 3,60,000 கிலோ விளைவதாகக் கொண்டால், நூற்றுக்கு இரண்டு வீதம் ஒதுக்கும்போது 7,200 கிலோவின் விலை நிதியாகச் சேரும். ஒரு நாள் வேலையாகிய 6 ஏக்கரில் பாதி விளைவு அழிந்தால் நட்டம் 6,000 கிலோ. நிதி அதனைத் தாங்கும். மழை தவறாது பெய்து நட்டம் நேராத ஆண்டில் நிதி அடுத்த ஆண்டுக்கு வளரும். மேலும், ஒரே நீர்வசதியுள்ள பகுதிகளுக்குள் வரிசையை ஆண்டுதோறும் சுழற்றி வர வேண்டும். இவ்வாண்டு பிந்தியவர் மறு ஆண்டு முந்துவார். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் கடைசி வயல்காரர் அடுத்த ஆண்டு தனியே விதைக்கப் போய்விடுவார். அவர் பின்னே மற்றவரும் செல்வர். பொது இயந்திரம் கொட்டகையில் துருப்பிடிக்கும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு

1. நம் பண்ணையில் அறுவடை இயந்திரம் ஒரு நாளில் உண்மையாக எத்தனை ஏக்கர் அறுத்தது? சென்ற பருவத்தின் கணக்கை எடுத்துப் பார்க்கவும்.

2. கிணறு உள்ள நிலம் எத்தனை ஏக்கர், வாய்க்காலை மட்டும் நம்பியது எத்தனை ஏக்கர்? அதற்கேற்பப் பகுதிகளை வரைபடத்தில் குறிக்கவும்.

3. இயந்திர நடவால் வேலை குறைந்தவர்கள் யார் யார்? அவர்களுக்கு எவ்வேலையை எத்தனை நாள் அளிக்க இயலும்?

4. வரிசை நட்ட நிதிக்கு நூற்றுக்கு எவ்வளவு ஒதுக்க அங்கத்தினர் இசைவர்?

இவற்றுக்கான விடைகளைச் சித்திரை மாதக் கூட்டத்திலேயே எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வோமாக. முதல் நாற்றுப் பாய் விதைக்கப்படும் முன், கடைசி வயலின் அறுவடை நாளும், அந்நாள் தவறினால் அவ்வயலுக்கு உரியவர் பெறும் ஈடும் ஏட்டில் இருத்தல் வேண்டும்.