லெப்டொப்பை டவுனுக்குத் தூக்கிப் போகுமுன்

வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து லெப்டொப் கொஞ்சம் மெதுவானாலும் போதும், "இது வின்டோஸ் 11க்குப் போகாது, புதுசு ஒண்டு பாருங்கோ" என்று சொல்லிவிடுவது கடைக்காரருக்கு இலேசாகிவிட்டது. சில நேரம் அவர் சொல்வது சரி. பல நேரம் நோய் ஒரு இடத்தில் இருக்கும், மருந்து வேறு இடத்தில் போகும். மெஷின் மெதுவாக ஓடுவது ஒரு பிரச்சினை, அப்டேட் நின்றுபோனது இன்னொரு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டு ஒரே பில்லில் தீர்க்கப் போனால்தான் காசு கரைகிறது.

அந்தத் திகதியைப் பார்த்துப் பதற வேண்டாம். சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு உண்டு. 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அங்கே பெக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசே இல்லை. வின்டோஸ் அப்டேட் பக்கத்துக்குள்ளேயே அதற்கான பதிவு இருக்கிறது. கம்பனிக் கணினிகளுக்கு இந்த வழி பொருந்தாது, அவற்றுக்கு வேறு விலை, வேறு ஒப்பந்தம்.

இனி விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது லெப்டொப் விலை எங்கேயோ ஏறியது. பிறகு டொலர் இறங்கினாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் பேர்க் கணக்கில் பார்ப்பது நல்லது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. திருத்தக் கூலி 27,000 என்றால் அது 20 பேர். அதாவது மலையில் அம்மா 20 நாள் எடுத்த கொழுந்து. புது மெஷின் 1,35,000 என்றால் 100 பேர், அரைப்பேர் விழாமல். அதன் பிறகு வந்த சம்பள உயர்வைச் சேர்த்தாலும் கணக்கின் போக்கு மாறாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, அந்த மெஷினில் நீங்கள் சம்பாதிக்கும் வேலை எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். ரியூஷன் பாடக்குறிப்பா, கொமியூனிகேஷன் கடையில் டைப்பிங்கா, ஒன்லைனில் கணக்கெழுதுவதா, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்து அசைன்மென்டா? லெப்டொப்பின் வயதை விட அந்த ஒரு வரிதான் முடிவைச் சொல்லும்.

மெதுவாக ஓடுகிறது என்றால் முதலில் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், மூளை நன்றாக இருக்கிறது, கால்தான் ஓடவில்லை. 2014 முதல் 2018 வரை இங்கே விற்ற மலிவு லெப்டொப்களில் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும்தான் இருந்தன. அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ரேமை 8 ஆக்கினால் ஐந்து நிமிடம் திறந்த மெஷின் அரை நிமிடத்தில் திறக்கும். மிகைப்படுத்தவில்லை, ஒரு தடவை பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டையும் தவிர வேறெதற்கும் முதல் காசைக் கொடுக்காதீர்கள். சில மெல்லிய லெப்டொப்களில் ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது. கடைக்குப் போகுமுன் மொடல் இலக்கத்தை கூகுளில் போட்டு அதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. மின்விசிறி இரைகிறது, அரை மணித்தியாலத்தில் மெஷின் தானாக நின்றுவிடுகிறது என்றால், பலரும் மதர்போர்ட் போய்விட்டது என்று பயப்படுவார்கள். தேயிலைத் தொழிற்சாலை ஒபிசில் நாலைந்து வருடம் ஓடிய லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். விசிறிக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவில் தேயிலைப் பஞ்சு, பழைய கம்பளித் துண்டு மாதிரி, இறுகிப் படிந்திருக்கும். விரல் நகத்தால் கிள்ளினால் ஒரே தட்டாக உரிந்து வரும். லயத்து வீட்டு லெப்டொப்பில் அதே இடத்தில் விறகுப் புகைக் கரி, கையில் பிசுபிசுக்கும். காற்று போக வழியில்லாத மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். துப்புரவு செய்து தேர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசினால் போதும். இது சின்ன வேலை, சின்னக் கூலி. அடுப்படிக்கும் லெப்டொப்புக்கும் நடுவில் ஒரு சுவராவது இருக்கட்டும்.

பெட்டரி தேய்ந்தால் மாற்றலாம், சார்ஜிலேயே வைத்து ஓட்டவும் செய்யலாம். ஆனால் டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தால், அடிமூடி சரியாக மூடாவிட்டால், பெட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றே கழற்ற வேண்டும். பிறகு பார்ப்போம் என்பதற்கு அதில் இடமில்லை. இன்னொன்று இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ரவுட்டரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்னலில் போன போர்டைத் திருத்துவது லொத்தர் வாங்குவதற்குச் சமம்.

திருத்தத்தை நிறுத்த வேண்டிய இடமும் அதுதான், மதர்போர்ட். பதுளையிலும் பண்டாரவளையிலும் டிஸ்க், ரேம், ஸ்கிரீன், கீபோர்ட், சார்ஜிங் பின் எல்லாம் மாற்றலாம். போர்டில் சிப் மாற்றும் வேலைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டி வரும். நீங்களே கொண்டு போனால் இரண்டு பயணம், இரண்டு நாள் வேலை இழப்பு, அதற்குப் பிறகும் மூன்று மாத உத்தரவாதம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆறேழு வருடம் பழைய மெஷினுக்கு அந்தச் செலவு வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் பதுளை மாவட்டத்தை அடித்தபோது சேற்றுத் தண்ணீரில் கிடந்த மெஷின்களுக்கும் இதே தீர்ப்புத்தான். காய்ந்துவிட்டதே என்று சுவிட்ச் போட்டுப் பார்ப்பது தவறு, உள்ளே படிந்த சேறு அரித்துக்கொண்டே போகும். டிஸ்க்கை மட்டும் கழற்றி ஃபைல்களை மீட்க முடியுமா என்று கேளுங்கள், மற்றதை விடுங்கள்.

சரி, மெஷின் நன்றாக இருக்கிறது, வின்டோஸ் மட்டும்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். வின்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் போட்ட வேலி இன்டெல் எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். பிராசஸர் இலக்கத்தைப் பாருங்கள். ஐ5-7200யூ என்றால் வெளியே, ஐ5-8250யூ என்றால் உள்ளே. வேலியைத் தாண்டிக் குதித்து பழைய மெஷினிலும் வின்டோஸ் 11 போட்டுத் தருவார்கள், போடலாம், ஓடும். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்கவில்லை. வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் ஃபைலும் இருக்கிற மெஷினில் நான் அதைச் செய்யமாட்டேன்.

மற்ற வழி லினக்ஸ். வின்டோஸ் போல முகம் காட்டும் லினக்ஸ் மின்ட் 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும், காசில்லை, வைரஸ் தொல்லையும் குறைவு. நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களைத் தேடவும் நிவாரணத்தைக் கணக்கு வைக்கவும் இலங்கைப் பொறியியலாளர்கள் கட்டிய சஹானா மென்பொருளும் லினக்ஸைப் போலவே திறந்த மூலத்தில் எழுதப்பட்டது, பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது. பக்கத்தில் கேரளாவில் அரசுப் பாடசாலைக் கணினிகள் பல வருடமாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது லினக்ஸ் தெரியும் என்று எழுத முடிவது ஐடி பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதல் லாபம்.

ஆனாலும் லினக்ஸ் எல்லோருக்கும் ஒத்துவராது. கொமியூனிகேஷன் கடையில் இருப்பவர் முதலில் பிரின்டரைப் பார்க்க வேண்டும். கெனன் எல்பிபி 2900 மாதிரியான சின்ன லேசர் பிரின்டர்களை லினக்ஸில் இணைப்பது பெரிய தலையிடி. எச்பி பிரின்டர்கள் அநேகமாகப் பிரச்சினை தராது. ஃபோட்டோஷொப்பில் கல்யாண அல்பம் செய்பவர், வின்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளில் வேலை செய்பவர், இவர்கள் மாறவே வேண்டாம்.

தமிழ் டைப்பிங்தான் பலருக்கும் உண்மையான பயம். பாமினியில் அடிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பாமினி வெறும் எழுத்துரு. அந்த ஃபைலை லினக்ஸில் போட்டுவிட்டால் லிப்ரே ஒபிஸில் அதே கைப்பழக்கத்தோடு அடிக்கலாம், பழைய ஃபைல்களும் திறக்கும். எழுத்துருவைப் போடாமல் திறந்தால் மட்டும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும், ஃபைல் கெட்டுவிட்டது என்று அழ வேண்டாம். யூனிகோடில் அடிப்பவர்களுக்கு இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் லினக்ஸின் ஐபஸ் என்ற டைப்பிங் கருவி வழியாகக் கிடைக்கும். உண்மையில் உதைப்பது வேறு: இரண்டு நிரலில் அடித்த வினாத்தாள் லிப்ரே ஒபிஸில் திறந்ததும் வரி தள்ளும், நாலு பக்கம் ஐந்தாகும். தவணைப் பரீட்சை நேரத்தில் இது தாங்காது. முடிந்த தாள்களை வின்டோஸில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

இதையெல்லாம் வாசித்துத் தீர்மானிக்கத் தேவையில்லை. மின்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லெப்டொப்பில் இன்ஸ்டோல் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் அடிக்கிறதா, சூமில் மைக் வேலை செய்கிறதா, உங்கள் ஃபைல்களில் மோசமான ஒன்று ஒழுங்காகத் திறக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றினால் பழையபடி வின்டோஸ். தரவிறக்கம் சுமார் 3 ஜிபி. கோயில் மேட்டுக்குப் போய்ச் சிக்னல் தேடுகிற தோட்டத்தில் இருந்தால், டவுனில் தெரிந்தவர் ஒருவரிடம் பென் டிரைவைக் கொடுத்து விடுவதுதான் புத்தி.

எந்த வழியானாலும் மாதக் கடைசியில் தொடாதீர்கள். செக்ரோல் முடிக்கும் வாரத்தில், அசைன்மென்ட் நாளுக்கு முதல் நாளில், டிஸ்க்கையும் மாற்றி சிஸ்டத்தையும் மாற்றுகிறேன் என்று இறங்கினால் வேலை கெடும், பெயரும் கெடும். டிஸ்க்கை மாற்றி ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் பிறகு சிஸ்டத்தைப் பற்றி யோசியுங்கள். மெஷின் தோட்ட ஒபிசுக்குச் சொந்தமானது என்றால் உங்கள் காசில் ஒன்றும் செய்ய வேண்டாம். பெரிய கிளாக்கரிடம் வாயால் சொன்னது காற்றோடு போகும். என்ன பழுது, எந்தத் திகதியிலிருந்து, எந்த வேலை தாமதமாகிறது என்று மூன்று வரி எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், புது மலிவு லெப்டொப்பை விட, வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லெட்டிடியூட், எலீட்புக் வகை நல்லது என்பது என் கட்சி. உடம்பு உறுதி, உதிரிப்பாகம் கிடைக்கும், ரேமைப் பல மொடல்களில் கூட்டலாம். ஆனால் மொடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். திங்க்பேட் டி470 வின்டோஸ் 11 வேலிக்கு வெளியே நிற்கிறது. டி480 உள்ளே என்று நினைப்போம், அதிலும் ஏழாம் தலைமுறை பிராசஸரோடு வந்தவை உண்டு. பிராசஸர் இலக்கத்தைத் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் உத்தரவாதத்துக்காக ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும். ஆயிரமோ இரண்டாயிரமோ கூடினாலும் பதுளையிலேயே, பில்லில் சீரியல் இலக்கம் எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள்.

திருத்தக் கொடுப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு: ஸ்கிரீன், கீபோர்ட், சார்ஜிங் பின் மாற்றுவதற்கு உங்கள் ஃபைல்கள் தேவையில்லை. டிஸ்க்கைக் கண்முன்னே கழற்றித் தரச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மெஷின் திறப்பதைச் சோதிக்க பாஸ்வேர்ட் கேட்டால், சோதிப்பதற்கு அவரிடமே ஒரு பென் டிரைவ் இருக்க வேண்டும். எஸ்எஸ்டி மாற்றும்போதும் பழைய டிஸ்க் உங்களுடையது, கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அது இன்னும் ஓடுகிறது என்றால் யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு, பிள்ளையின் ஜாதகத்திலிருந்து கெம்பஸ் சான்றிதழ் வரை எல்லாவற்றுக்கும் ஒரு நகலை அதில் வைத்துக்கொள்ளலாம்.